மந்தைவெளியில் ஃபிளாட் தேடுகிறீர்களா? புரோக்கரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

மந்தைவெளியில் வீடு தேடுபவர்கள் சீக்கிரமே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். இங்கே நல்ல ஃபிளாட்டுகளுக்கு 'விற்பனைக்கு' என்று போர்டு தொங்காது. நார்ட்டன் ரோட்டிலோ திருவேங்கடம் தெருவிலோ ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றால், முதலில் அது வாட்ச்மேனுக்குத் தெரியும். அடுத்து அயர்ன் வண்டிக்காரருக்கு. அதற்கடுத்து ஏரியா புரோக்கருக்கு. இணையதளத்தில் போட்டோ ஏறுவதற்குள் நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். "மாமி தனியா இருக்காங்க சார், பசங்க அமெரிக்காவுல. தை மாசத்துக்குள்ள முடிச்சிடணும்னு பார்க்குறாங்க" என்ற தகவல் எந்த ஆப்பிலும் கிடைக்காது. புரோக்கருக்கு நாம் காசு கொடுப்பதே இதற்குத்தான்.

எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்த அப்பார்ட்மென்டில் அசோசியேஷன் சண்டை, எங்கே கார் பார்க்கிங் பேச்சளவில்தான் இருக்கிறது... இதையெல்லாம் அவரிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால், "டாக்குமென்ட் எல்லாம் பக்கா கிளியர் சார்" என்று அவர் சொல்லும்போது மட்டும் தலையாட்டிவிட்டு, வக்கீலுக்கு போன் போடுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக அல்ல. விற்பனை முடிந்தால்தான் அவருக்கு வருமானம். முடியாமல் போவதற்கான காரணத்தை அவரே தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கமிஷனை முதலிலேயே பேசிவிடுங்கள்

சென்னையில் விற்பனைக்கு 1 முதல் 2 சதவீதம் கமிஷன் என்பது வழக்கம். பெரும்பாலும் வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் வாங்குவார்கள். ஒன்றரைக் கோடி ரூபாய் ஃபிளாட் என்றால், உங்கள் பக்கம் மட்டும் ஒன்றரை லட்சத்திலிருந்து 3 லட்சம் வரை. இது சட்டம் நிர்ணயித்த தொகை இல்லை, பேசி முடிவு செய்வதுதான். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். வீடு பிடித்துப்போன பிறகு பேரம் பேச நமக்கு வாய் வராது.

எப்போது கொடுப்பது? அட்வான்ஸ் அன்றைக்கே பாதி கேட்பார்கள். வேறு ஏற்பாடு எதுவும் இல்லாத பட்சத்தில், ஒப்படைத்த வேலை முடிந்த பிறகுதான் ஏஜென்ட்டுக்குக் கூலி கேட்கும் உரிமை வருகிறது என்கிறது 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம். சண்டை வருவது, 'வேலை முடிந்தது' என்பது எது என்பதில்தான். "ஆளைக் காட்டிட்டேன், என் வேலை முடிஞ்சுது" என்பார் அவர். "பத்திரம் பதிவான பிறகுதான்" என்பீர்கள் நீங்கள். எத்தனை சதவீதம், எந்த நாளில், கூட வந்த இன்னொரு புரோக்கருக்கும் இதற்குள்ளேயேவா... மூன்றையும் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாக அனுப்பி, அவரிடம் 'ஓகே' வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைச் சுளிக்காமல் 'ஓகே' போடுபவர்தான் நல்ல புரோக்கர்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "உங்க கைக்கு எவ்வளவு வரணும்னு மட்டும் சொல்லுங்கம்மா, மேல வர்றது என் பாடு" என்று ஒருவர் சொன்னால், கமிஷன் மிச்சம் என்று சந்தோஷப்படாதீர்கள். உங்கள் வீட்டின் உண்மையான விலையை நீங்கள் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில்தான் அவருக்கு லாபம். உங்களுக்குத் தெரியாமல் ஏஜென்ட் தானே வாங்கி லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்க அதே ஒப்பந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போய் அதை வாங்குவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்பது வேறு கதை!

'கிளியர்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

மந்தைவெளியின் பழைய ஃபிளாட்டுகளில் அடிக்கடி வரும் சிக்கல், வாரிசு சிக்கல். அப்பா பெயரில் வீடு. அப்பா இல்லை. அம்மா, மூன்று பிள்ளைகள், அதில் ஒருவர் வெளிநாட்டில். "எல்லாரும் சம்மதிச்சிட்டாங்க" என்பது பத்திரத்தில் செல்லாது. உயில் இல்லாதபட்சத்தில் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பவர் தர வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் கேட்பார்கள். வெறும் பவரை வைத்தே சொத்து கைமாறிவிட்டதாகச் சொன்னால், அது உரிமை மாற்றமே இல்லை என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அடுத்தது, நிலம் யாருடையது என்ற கேள்வி. மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் கபாலீஸ்வரர் கோயிலுக்குச் சொந்தமான மனைகள் ஏராளம். அதில் வாடகைக்கோ குத்தகைக்கோ இருப்பவர் கட்டடத்தை மட்டும் 'விற்பது' உண்டு. விலை அக்கம்பக்கத்தைவிடக் குறைவாக இருக்கிறதே என்று மனசு துள்ளினால், முதலில் இதைக் கேளுங்கள். உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தைத் தனியார் பெயரில் பத்திரம் பதிய முடியாது.

மூன்றாவது, யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பங்கு. 40 வருஷக் கட்டடத்தில் நீங்கள் வாங்குவது சுவரைவிட நிலத்தைத்தான். 2 கிரவுண்டில் 12 ஒரே அளவு வீடுகள் என்றால், 4,800 சதுர அடியில் ஒரு வீட்டுக்கு 400 வர வேண்டும். பத்திரத்தில் 280 இருந்தால் மீதி யாரிடம் இருக்கிறது? பலநேரம் அது பில்டர் பெயரிலேயே தங்கியிருக்கும், அல்லது மொட்டைமாடியில் பிளானில் இல்லாத ஒரு வீடு முளைத்திருக்கும். நாளைக்கு இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது இந்தக் கணக்கில்தான் உங்களுக்குப் பங்கு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எனவே அந்தப் பேச்சு எப்போது வேண்டுமானாலும் வரலாம். புரோக்கர் "சூப்பர் பில்ட்-அப் 950 சார்" என்று ஆரம்பித்தால், "யூடிஎஸ் எவ்வளவுங்க?" என்று கேளுங்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். புரோக்கர் கொடுக்கும் ஜெராக்ஸ் எந்த மாதம் எடுத்தது என்பது யாருக்குத் தெரியும்?

ரெரா இருக்கிறதே?

இருக்கிறது. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, ரெராவில் பதிவான புராஜெக்ட்டில் வீடு விற்கும் ஏஜென்ட் தானும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். ஆனால் மந்தைவெளியில் பெரும்பாலும் கைமாறுவது 1980-90களின் பழைய ஃபிளாட்டுகள். அவை அந்தப் புராஜெக்ட் பட்டியலிலேயே கிடையாது. அதனால் "நான் ரெரா ஏஜென்ட்" என்ற விசிட்டிங் கார்டு, பழைய வீட்டின் பத்திரத்துக்கு உத்தரவாதம் ஆகிவிடாது.

"பாதி கேஷா வச்சுக்கலாமே?"

விற்பவர்கள்தான் இங்கே உஷாராக இருக்க வேண்டும். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அதே தொகை அளவுக்கு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அபராதம் பணத்தை வாங்கியவருக்குத்தான். யோசனை சொன்ன புரோக்கருக்கு அல்ல. டோக்கன் அட்வான்ஸைக்கூட அவர் கையில் கொடுக்காமல் நேரடியாக விற்பவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இன்னும் அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது 2012-லிருந்து கட்டாயம். "அக்ரிமென்ட்டை இருபது ரூபா பத்திரத்துல எழுதிக்கலாம்" என்பது பழைய காலத்துப் பேச்சு.

விற்க நினைப்பவர்கள் சாவியை ஐந்து பேரிடம் கொடுத்து வைக்காதீர்கள். ஒரே வீட்டை ஐந்து பேர் ஐந்து விலைக்குச் சொன்னால், ஏதோ வில்லங்கம் இருக்கிறதோ என்றுதான் மார்க்கெட்டில் பேச்சு கிளம்பும். ஒருவரிடம் இரண்டு மாதம் கொடுத்துப் பாருங்கள், நகரவில்லை என்றால் அடுத்தவர். பத்திர நகல் கொடுக்கும்போது, யாருக்கு எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஒரிஜினல் பத்திரம் மட்டும் பதிவு நாள் வரை வீட்டு பீரோவிலோ பேங்க் லாக்கரிலோ இருக்கட்டும்.