கபடி வீரர் சுருண்டு விழுந்தால்...
தண்ணீர் தெளித்து நேரத்தை வீணாக்காதீர்கள்!

காட்டுமன்னார்கோயில்:

மடக்கிப் பிடித்தவர்களிடம் இருந்து தப்பிக்கத் தாவினார் அந்த வாலிபர். கீழே விழுந்தார். எதிரணி வீரரின் முழங்கால் அவர் நெஞ்சில் பட்டது. எழ முயன்றவர் அப்படியே சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

2022 ஜூலை 24-ந்தேதி பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் நடந்த கபடி போட்டியில் ஏற்பட்ட இந்த சாவு கடலூர் மாவட்டத்தையே உலுக்கியது. இறந்தவர் கல்லூரி மாணவர். கோப்பையையும் சேர்த்து அவரை அடக்கம் செய்தார்கள்.

காட்டுமன்னார்கோயில் சுற்றுப்பக்கத்திலும் கபடிக்குப் பஞ்சமில்லை. பொங்கல் வந்தால் மைக் செட், விளக்கு, பரிசு எல்லாம் தயார். ஆனால் ஒரு பையன் விழுந்துவிட்டால்? முகத்தில் சோடா அடிப்பார்கள். மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்துக்கொண்டு பறப்பார்கள். தப்பு அங்கேதான்!

பலசாலி இதயம்

நன்றாகப் பயிற்சி எடுத்தவரின் இதயம் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 50 தடவைக்கும் குறைவாகக்கூட துடிக்கும். அது பலம், சீக்கு அல்ல. அந்த இதயமும் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நெஞ்சில் அடி விழுந்தால் தாளம் தப்பிவிடும். வெறுமனே நடுங்கும். ரத்தம் போகாது. வெளியே காயம்கூட தெரியாது.

அமெரிக்க கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின் 2023 ஜனவரி 2-ந்தேதி இப்படித்தான் விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தினார்கள், மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். பிழைத்தார். அதே ஆண்டு மறுபடி ஆட வந்துவிட்டார்!

25 கி.மீ. தூரம்

மின்அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. இங்கிருந்து சிதம்பரம் சுமார் 25 கிலோ மீட்டர். எவ்வளவு வேகமாகப் போனாலும் என்ன மிஞ்சும்?

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-க்கு போன் செய்ய வேண்டும். இன்னொருவர் அந்த இடத்திலேயே மல்லாக்கப் படுக்க வைத்து, நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்த வேண்டும். 5 செ.மீ. ஆழம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. கை ஓய்ந்தால் ஆள் மாற்றலாம், அழுத்துவதை நிறுத்தக்கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தானாக இயங்கும் மின்அதிர்ச்சிக் கருவி ஒன்று கிடைத்துவிட்டால் இன்னும் நல்லது. என்ன செய்வது என்று அதுவே பேசிச் சொல்லும்.

எல்லா சாவுக்கும் அடி காரணம் அல்ல. சிலருக்கு பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருக்கும். ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருந்தாலோ, களத்தில் இறங்கும் முன் டாக்டரிடம் காட்டி இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்களுக்கு இந்த சோதனை கட்டாயம்.

காய்ச்சலோடு ஆடுவது வீரம் என்று நினைக்கிறார்கள் பையன்கள். சில காய்ச்சல்கள் இதயத் தசையையே வீங்க வைக்கும். அன்றைக்கு பெஞ்சில் உட்காரலாம்.