ஆவணியில் குடிபோகும் ஊர்
பெட்டி கட்டியவர்கள் – 9

சிகாகோவிலிருந்து தெற்கே சுமார் 215 கிலோமீட்டர். வழி நெடுக மக்காச்சோளம், அது முடிந்தால் சோயா, பிறகு மறுபடியும் மக்காச்சோளம். மேடு பள்ளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பனியாறுகள் இழைத்துவிட்டுப் போன கரிசல் பூமி. அதன் நடுவே திடீரென்று மாடிக் கட்டடங்கள் தலை காட்டினால் ஷாம்பெய்ன்–அர்பானா வந்துவிட்டது என்று அர்த்தம்.

பார்த்தால் ஒரே ஊர். கணக்கில் இரண்டு. இரண்டு மேயர், இரண்டு காவல்துறை, இரண்டு பொது நூலகம். எல்லாம் ரயிலால் வந்தது. பழைய ஊர் அர்பானாதான். ஆபிரகாம் லிங்கன் வக்கீலாக ஊர் ஊராகப் போன காலத்தில் அங்கே வாதாடியிருக்கிறார். 1854-ல் இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதையை ஊருக்கு இரண்டு மைல் மேற்கே தள்ளிப் போட்டார்கள். ஸ்டேஷனைச் சுற்றி ‘மேற்கு அர்பானா’ முளைத்தது. 1860-ல் அது ஷாம்பெய்ன் என்று தனிப் பெயர் வைத்துக்கொண்டது. இன்று பெரிய ஊர் அதுதான். 1867-ல் இரண்டுக்கும் இடையில் பல்கலைக்கழகம் வந்து உட்கார்ந்தது.

மாநிலங்களுக்கு நிலம் தருகிறோம், அதை விற்று விவசாயமும் இயந்திரத் தொழிலும் சொல்லிக்கொடுங்கள் என்றது 1862-ன் மோரில் சட்டம். இல்லினாய் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, மாடிசன், ஏம்ஸ், வெஸ்ட் லஃபாயெட் என்று மத்திய மேற்கின் பல கல்லூரி ஊர்கள் வளர்ந்ததும் அந்தச் சட்டத்தால்தான். அந்தச் சட்டத்தின் அடையாளத்தை இங்கே இன்னும் பார்க்கலாம். வளாகத்தின் நட்டநடுவில், வகுப்பறைகளுக்குப் பக்கத்திலேயே, ஒரு மக்காச்சோள வயல். பெயர் மோரோ பிளாட்ஸ். 1876-லிருந்து அங்கே பயிர்ச் சோதனை நடக்கிறது. அமெரிக்காவில் இதைவிடப் பழைய சோதனை வயல் இல்லை. 1960-களின் கடைசியில் பக்கத்தில் இளங்கலை மாணவர்களுக்கு நூலகம் கட்ட வேண்டி வந்தது. கட்டடத்தின் நிழல் பயிரில் விழுந்தால் இத்தனை வருடக் கணக்கும் கெட்டுப்போகும் என்று, நூலகத்தையே நிலத்துக்கடியில் இரண்டு தளமாகக் கட்டிவிட்டார்கள். எனக்கு அந்த ஊரில் முதலில் பிடித்துப்போனது இந்தக் கதைதான்.

வயலுக்கு வெயில் எப்படியோ, ஊருக்குப் பல்கலைக்கழகக் காலண்டர் அப்படி. இரண்டு ஊரும் சேர்ந்து ஒன்றேகால் லட்சம் சொச்சம் மக்கள். பல்கலைக்கழகத்தில் 50,000-க்கு மேல் மாணவர்கள். மே நடுவில் பட்டமளிப்பு முடிந்ததும் தெருக்கள் காலியாகிவிடும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி நிரம்பும். இதை எங்களுக்கு முதலில் புரியவைத்தவர், வெகுநாளாக அங்கேயே இருக்கும் மதுரைக்கார அக்கா ஒருவர். என் மனைவிக்கு ஆய்வு வேலை கிடைத்ததும் அவரிடம்தான் போனில் பேசினோம்.

“எந்த மாசம் வர்றீங்க தம்பி?”

“ஜனவரியிலக்கா.”

“அய்யோ, ஜனவரியா? வளாகத்துப் பக்கம் வீடே இருக்காதேப்பா.”

வளாகத்தை ஒட்டிய வாடகை வீடுகளின் லீஸ் ஏறக்குறைய எல்லாமே ஆகஸ்டில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். நம் ஆட்கள் ஆடியில் வீடு மாற மாட்டோம் என்பார்கள். அங்கே அந்தச் சங்கடம் அநேகமாக வராது, சாவி கைக்கு வருவதற்கும் ஆவணி பிறப்பதற்கும் சரியாக இருக்கும். சங்கடம் வேறு இடத்தில். வரப்போகும் ஆகஸ்டுக்கான வீடுகளை முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே பேசி முடிக்கத் தொடங்கிவிடுவார்கள். வந்து இறங்கிய பையன் சூட்கேஸைப் பிரிக்குமுன்னே, அடுத்த வருடம் எந்த வீடு, யார் ரூம்மேட் என்று முடிவு செய்தாக வேண்டும். பழைய லீஸ் முடிந்த அன்றே புதிய வீட்டுச் சாவியும் கிடைக்காது. பெயின்ட் அடிக்க, கம்பளம் கழுவ என்று நடுவில் சில நாள் இடைவெளி. அந்த நாட்களில் சாமான்கள் வாடகை லாரியில், பிள்ளைகள் நண்பர்கள் வீட்டு சோபாவில்.

அந்த வாரம் தெருவில் நடந்து பார்க்க வேண்டும். மேசை, அலமாரி, விளக்கு, மைக்ரோவேவ், பிரிக்காத நூடுல்ஸ் பாக்கெட் எல்லாம் நடைபாதை ஓரத்தில் கிடக்கும். கேட்பாரில்லை, எடுத்துக்கொள்ளலாம். மாடிசனில் இதற்கு ‘ஹிப்பி கிறிஸ்துமஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். மரச்சாமான் எடுங்கள், மெத்தையை மட்டும் தொடாதீர்கள், அது எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும். தையல் ஓரத்தை விரித்துப் பார்த்தால் மிளகுத்தூள் சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். மூட்டைப்பூச்சியின் எச்சம் அது. ஒரு மெத்தையால் ஒரு மாடிக்கே மருந்தடிக்க நேரும்.

குளிரைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்ல வேண்டாம். சைரனைப் பற்றி யாரும் சொல்வதில்லை. மாதத்தின் முதல் செவ்வாய், காலை 10 மணிக்கு ஊரே அலறும். சூறாவளி எச்சரிக்கைச் சைரனை இல்லினாய் மாநிலம் முழுக்கச் சோதிக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் பதற வேண்டாம். வேறு எப்போது ஊளையிட்டாலும் நிலவறைக்கு ஓடுங்கள்.

எல்லோரும் நாலைந்து வருடத்தில் கிளம்புகிற ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. ஜான் பார்டீன் பெல் ஆய்வகத்தை விட்டு 1951-ல் இங்கே வந்தார். டிரான்சிஸ்டருக்காக 1956-ல் ஒரு நோபல். மீகடத்தலுக்காக 1972-ல் இன்னொன்று. அதற்கான வேலை நடந்தது இங்கேதான். இயற்பியலில் இருமுறை நோபல் வாங்கியவர் அவர் ஒருவரே. ஓய்வு பெற்ற பிறகும் ஊரை விடவில்லை. தோட்டத்தில் நண்பர்களுக்கு ஹாம்பர்கர் சுடும்போது, பன்னைக் கொஞ்சம் வாட்டித் தரட்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பாராம். சாப்பிட்டவர்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது.

ஜனவரியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது பாதியில் விட்டுப்போகும் வீட்டை சப்லீஸில் எடுங்கள், ஆகஸ்டில் சாவகாசமாக மாறிக்கொள்ளலாம். லீஸில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ரூம்மேட் சொல்லாமல் ஓடிப்போனாலும் அவர் பங்கை உங்களிடம் வசூலிக்கலாம். மாணவர்களுக்கு லீஸைப் படித்து விளக்கப் பல்கலைக்கழகத்திலேயே ஓர் அலுவலகம் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அங்கே போய்விடுங்கள்.

(தொடரும்)