உயரம் தெரியாமல் காலை விடாதே!



நான் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கள் வீட்டுப் பெயர்கள் இதுவரை அச்சில் வந்தது ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டுமே. மலருக்கு ஏதாவது எழுது என்று மன்றச் செயலாளர் சொன்னபோது, சென்ற ஜூன் விடுமுறையில் லடாக் போய் வந்ததைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

“லடாக்கா? நீயா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நான் காசு கட்டிப் போகவில்லை. என் சித்தப்பா ஒரு சுற்றுலா நிறுவனத்தில் சமையல்காரர். “எங்கே போனாலும் நம்ம ஊர்ச் சாப்பாடு” என்று நோட்டீஸ் அடித்துக் கூட்டிப் போவார்களே, அந்த மாதிரி நிறுவனம். பயணிகள் 22 பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும். காய் நறுக்க, பாத்திரம் கழுவ ஓர் ஆள் வேண்டும். “லீவுதானேடா, வா” என்றார் சித்தப்பா. கிளம்பிவிட்டேன்.

ஒன்றரை மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டர்!

சென்னையிலிருந்து ரயிலில் இரண்டு இரவு. பிறகு டெல்லியிலிருந்து விமானம். டெல்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரம். லே விமான நிலையம் 3,256 மீட்டர். ஊர் இன்னும் சற்று மேலே, சுமார் 3,500 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான்! விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் நம்மை மூன்று கிலோமீட்டர் மேலே தூக்கி வைத்துவிடுகிறது. உடம்புக்கோ அந்தச் சேதி போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகிறது. எல்லாச் சங்கடமும் இங்கேதான் ஆரம்பம்.

“மேலே ஆக்ஸிஜன் கிடையாது” என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. கடற்கரையிலும் லேயிலும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம் என்று படித்திருக்கிறோம். லேயில் அது சுமார் 490 மி.மீ. இதில் 21 சதவீதம் கணக்கிட்டுப் பாருங்கள். கீழே ஆக்ஸிஜனின் பங்கு 160 மி.மீ., மேலே 103 மி.மீ. அதாவது, அதே அளவு மூச்சு இழுத்தாலும் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் மலையேறும்போது இழுவை குறைவது எதனால் என்று ஆட்டோமொபைல் நண்பர்களுக்குத் தெரியும். நுரையீரலும் அப்படித்தான்.

இதைச் சமையலறையில் கண்ணால் பார்த்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றன. பாயில் விதி! தண்ணீர் 88 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிர, திறந்த பாத்திரத்தில் அரிசி வேகவே மாட்டேன் என்கிறது. குக்கரில் வைத்தாலும் ஊரில் விடுவதைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விட வேண்டும். “என்னடா இது, அரிசி மோசமா?” என்றார் சித்தப்பா. நான் பெருமையாக விளக்கம் சொன்னேன். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் அல்லவா!

ஓய்வு யாருக்கு?

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் லடாக்கைச் சேர்ந்த ஓர் அண்ணன். முப்பது வயதுக்குள் இருக்கும். வந்து இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை “ஜூலே!” வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் அங்கே இந்த ஒரே சொல். இரண்டாவதாகச் சொன்னது: “இரண்டு நாள் யாரும் எங்கேயும் போகக் கூடாது. படுங்கள், தண்ணீர் குடியுங்கள், மெதுவாக நடங்கள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எது வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.” விரலில் மாட்டும் சின்னக் கருவியால் எல்லோருக்கும் இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்த்தார். பெரும்பாலோருக்கு 85-லிருந்து 90 வரை. முதல் நாளில் அது சகஜம் என்றார்.

பயணிகள் படுத்தார்கள். ஆனால் 22 பேருக்கு மூன்று வேளையும் சோறு பொங்க வேண்டுமே! விமானத்தில் கேஸ் ஏற்றக் கூடாது என்பதால் சிலிண்டரை லேயிலேயே வாடகைக்கு எடுத்தோம். அதை மாடிக்குத் தூக்கியது சித்தப்பா. அரிசி மூட்டையைத் தூக்கியதும் அவர்தான். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்தார். ஓய்வு என்ற விதி டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். விரலில் கருவி மாட்டும்போதும் சித்தப்பா “எனக்கு எதுக்கு சார், அடுப்புல வேலை கிடக்கு” என்று நழுவிவிட்டார்.

முதல் நாள் இரவே அவருக்குத் தலைவலி. இரண்டாம் நாள் இருமல். அன்று இரவு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தவருக்கே மேல்மூச்சு வாங்கியது.

“சித்தப்பா, வாங்க, சொல்லிடலாம்.”

“வேணாம்டா. நான் படுத்தா இத்தனை பேரு பட்டினி. சமையக்காரனுக்கு உடம்பு சரியில்லேன்னு தெரிஞ்சா அடுத்த ட்ரிப்புக்கு வேற ஆளப் போட்டுருவாங்க. காலையில சரியாயிடும்.”

நண்பர்களே, அந்த இரவை நான் மறக்க மாட்டேன். சித்தப்பாவின் சம்பளத்தில்தான் என் செமஸ்டர் ஃபீஸில் பாதி கட்டுகிறோம். அவருடைய வேலை போனால் என் படிப்பும் ஆடும். சொல்வதா, வேண்டாமா? ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். சிப்ஸ் பாக்கெட்டை உப்ப வைத்த அதே குறைந்த அழுத்தம்தான் சித்தப்பாவின் நெஞ்சில் வேலை செய்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

இரவு இரண்டு மணிக்கு வழிகாட்டி அண்ணன் அறைக் கதவைத் தட்டினேன். எனக்கு இந்தி தெரியாது. “அங்கிள் நோ ப்ரீத்திங், சார்” என்றேன். அவ்வளவுதான் வந்தது. ஓடி வந்து விரலில் கருவியை மாட்டினார். 69! பத்தே நிமிடத்தில் வண்டி வந்தது. மருத்துவமனையில் உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது, நல்ல வேளை இப்போதே வந்தீர்கள் என்றார் டாக்டர்.

உயர நோயில் சாதாரணமானது தலைவலி, குமட்டல், களைப்பு. ஓய்வில் சரியாகிவிடும். நுரையீரலில் நீர் கோப்பதும் மூளை வீங்குவதும் ஆபத்தானவை. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது இவற்றின் அறிகுறிகள். ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும், உயரத்திலிருந்து கீழே இறக்க வேண்டும். காலை வரை காத்திருக்கக் கூடாது.

மறுநாள் நடந்தது

காலையில் பயணிகளிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே வந்தேன். ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, “அடப்பாவி, நேத்தே சொல்றதுக்கென்ன? நாங்க என்ன உப்புமா கிண்ட மாட்டோமா?” என்று கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டார். பயணத் திட்டம் ஒரு நாள் தள்ளிப்போனது. யாரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த நாள் சித்தப்பா தேறி வந்ததால் நானும் திக்ஸே மடத்துக்குப் போனேன். மடத்தை அங்கே ‘கோம்பா’ என்கிறார்கள். குன்றின்மேல் பன்னிரண்டு அடுக்காக எழும்பி நிற்கிறது. உள்ளே மைத்ரேய புத்தர், இனி வரப்போகும் புத்தர், இரண்டு மாடி உயரத்துக்கு, சுமார் 15 மீட்டர். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீண்ட சுவர்கள் வழியெங்கும் இருக்கின்றன. அவை நம் வலப்பக்கம் இருக்கும்படிதான் கடக்க வேண்டும். நாம் கோயிலை வலம் வருவது போலத்தான். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று காற்றில் ஆடும் கொடிகள் பஞ்சபூதங்களைக் குறிக்கின்றன.

விடுதியில் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர்தான் தந்தார்கள். காரணத்தை வழிகாட்டி அண்ணன் சொன்னார். லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். விவசாயத்துக்குப் பனி உருகிய நீரே கதி. அதுவும் விதைக்கும் காலத்தில் வராது, பிந்தித்தான் வரும். இதற்கு வழி கண்டவர் செவாங் நோர்ஃபெல் என்ற பொறியாளர். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைநீரை நிழலான சரிவுக்குத் திருப்பி, கல் சுவர்களால் வேகத்தைக் குறைத்து உறைய வைத்தார். வசந்தத்தில் அது உருகி, விதைக்கும் நேரத்துக்குச் சரியாக வயலுக்கு வந்துவிடும். செயற்கைப் பனிப்பாறை! 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சிவில் நண்பர்களே, கவனியுங்கள். அவர் படித்தது சிவில் டிப்ளமோ!

பாங்காங் ஏரிக்கு நான் போகவில்லை. பயணிகளுக்கு அங்கே முகாம்காரர்களே சமைத்துக் கொடுத்தார்கள். நான் மருத்துவமனையில் சித்தப்பா பக்கத்தில் இருந்தேன். அந்த நீல ஏரி முன்னால் நின்று எடுத்த போட்டோ என்னிடம் இல்லை. அதில் வருத்தமும் இல்லை.

போகப் போகிறவர்களுக்கு

1. லேயில் இறங்கியதும் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. குழுவில் சமையல்காரர், உதவியாள், டிரைவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

2. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது.

3. இருதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையும் அவர் சொன்னால்தான்.

4. தலைவலி இருக்கும்போது இன்னும் மேலே ஏறாதீர்கள். மது, புகை கூடவே கூடாது.

5. பக்கத்துப் படுக்கைக்காரர் இரவில் எப்படி மூச்சு விடுகிறார் என்று பாருங்கள். அவர் ‘சொல்லாதே’ என்றாலும் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஒரு தடவை நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் காசி, ஹரித்வார் பக்கம் மட்டும் போகிறார். வேலை போகவில்லை. அவருக்குப் பதிலாக செப்டம்பரில் லடாக் போன சமையல்காரரை முதல் இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டு, உள்ளூர் ஆளைக் கொண்டு சமைத்தார்களாம். சித்தப்பா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். உயரம் தெரியாமலும் விடாதீர்கள் நண்பர்களே!

ஜூலே!