மழை ஊருக்குப் போகும்போது

திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரம். அங்கே ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும். ஐப்பசியில் காலையில் வெயில் அடிக்கும். பிற்பகலில் இடி மின்னலுடன் மழை கொட்டும்.

அங்குள்ள மருத்துவமனைகளுக்கு வெளியூர் மக்கள் பலர் போகிறார்கள். அவர்கள் என்ன கொண்டுபோக வேண்டும்?

குடை வேண்டும். சீக்கிரம் உலரும் மாற்றுத்துணி வேண்டும். ஈரத்துணி வைக்கத் தனிப் பை வேண்டும். வழுக்காத செருப்பு வேண்டும். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் வரலாம்.

மருத்துவச் சீட்டு நனைந்தால் மை கரையும். மருந்தின் பெயர் தெரியாமல் போகும். ஆகவே சீட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுகக் கட்டி, துணிகளுக்கு நடுவே வைக்க வேண்டும்.

மருந்துப் பெயர்களை இன்னொரு தாளிலும் எழுதி வீட்டில் வைக்கலாம். கற்ற எழுத்து அப்போது கைகொடுக்கும்.