எறிகணையின் நிறமும் செப்புப் பட்டையும்

பெல்சிய நாட்டின் ஈப்பர் நகரைச் சூழ்ந்த வயல்களில் முதல் உலகப் போரின் எறிகணைகள் இன்றும் கலப்பை முனையில் சிக்குகின்றன. ஆண்டுதோறும் நூறு டன்னுக்கு மேல் தேறும் அக்குவியலில் வெடிமருந்து அடைத்தவை எவை, நஞ்சு அடைத்தவை எவை என்று பிரித்தறிவது உயிர்காக்கும் கலை.

அக்காலப் படைவீரன் நிறத்தைக் கொண்டே எறிகணையை அறிந்தான். பிக்ரிக் அமிலமாகிய லிட்டைட் நிறைத்தவற்றுக்குப் பிரித்தானியர் மஞ்சள் பூசினர். ஈயக் குண்டுகளைச் சிதறச்செய்யும் சிராப்னல் வகைக்குக் கறுப்புப் பூசினர். மூக்கருகே ஓடிய சிவப்பு வளையம், உள்ளே மருந்து நிறைத்தாயிற்று என்று அறிவித்தது. செருமானியரோ நஞ்சின் வகையைச் சிலுவைக் குறிகளால் உணர்த்தினர். நுரையீரலை அரிக்கும் டைபாசுசீனுக்குப் பச்சை. அடங்காத் தும்மலையும் வாந்தியையும் எழுப்பும் ஆர்சனிக் சேர்மத்துக்கு நீலம். 1917 சூலையில் இதே ஈப்பர்க் களத்தில் முதன்முதலாக ஏவிய கடுகு நஞ்சுக்கு மஞ்சள். ஒரு படைக்கு வெடிமருந்தைக் காட்டிய மஞ்சள் எதிர்ப்படைக்குக் கொப்புள நஞ்சைக் காட்டிற்று! எந்நாட்டு எறிகணை என்று துணியுமுன் நிறத்தை நம்புவது பெரும்பிழை. நூறாண்டு சேற்றில் கிடந்தவற்றில் பூச்சு எஞ்சுவதும் அரிது.

நாட்டைத் துணியக் குறுக்களவு உதவும். பிரெஞ்சுக் களப்பீரங்கியின் குழல்விட்டம் 75 மில்லிமீட்டர், செருமானியருடையது 77, பிரித்தானியரின் 18 பவுண்டர் ஏறத்தாழ 84. ஆனால் இரும்பில் துரு தடித்துவிட்டால் 75-க்கும் 77-க்கும் வேறுபாடு தெரியாது. அந்நிலையில் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள செப்புப் பட்டையை நோக்கவேண்டும். எறிகணையின் உறுப்புகளுள் வாய்மை மிக்கது அதுவே என்பேன். செம்பு பச்சைக் களிம்பு ஏறுமேயன்றி இரும்புபோல் பொரிந்து உதிராது. சுடும்போது குழலின் உட்புறத் திருகுவரிகள் பட்டையில் சாய்வான தடங்களைப் பதிக்கின்றன. தடங்களின் எண்ணிக்கையும் சாய்வும் எப்பீரங்கி என்று காட்டும். தடமே இல்லையேல் அது சுடப்படாதது. தடம் இருந்தும் உடல் சிதறாமல் இருப்பின், பாய்ந்து வந்து வெடிக்கத் தவறியது. வெடிதூண்டியின் காப்பு முன்பே விலகியிருக்கும், சிறு அசைவும் அதற்குப் போதும். ஆகவே, வயலில் அதைக் காண்பவர் தொடாமல் விலகிநின்று படைத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

பித்தளை வெடிதூண்டியில் பொறித்த எண்ணும், பிரித்தானிய அரசுடைமையைக் காட்டும் அகல அம்புக்குறியும் பிறந்தகத்தை உறுதிசெய்யும். அகத்துள்ளதை அறிய, புல்கப்பெல்லே ஊரிலுள்ள பெல்சியப் படையின் வெடிபொருள் அகற்றும் பிரிவினர் ஊடுகதிர்ப் படம் எடுக்கின்றனர். எறிகணையைச் சாய்த்து வைத்தால் உள்ளிருக்கும் நீர்மத்தின் மேற்பரப்பு கிடைமட்டமாகவே நிற்கும். திண்ம வெடிமருந்து உடலோடு சேர்ந்து சாயும். இதிலும் விழிப்பு வேண்டும்: தூய கடுகு நஞ்சு ஏறத்தாழ 14 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும். நீலச் சிலுவை வகையிலோ ஆர்சனிக் நஞ்சு கண்ணாடிக் குப்பியில் அடைபட்டு வெடிமருந்தின் நடுவே புதைந்திருக்கிறது. புறத்தே நீலம் முற்றும் அழிந்துபோயினும், படத்தில் அக்குப்பியின் வடிவு தெரிந்தால் அதனை நஞ்சு வரிசையில் சேர்க்கின்றனர்.