வெள்ளை ஒளிக்கு எவ்வளவு சிவப்பு வேண்டும்?

பாலிவினைல்கார்பசோல் என்ற பாலிமரைக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் ஒரு படலம் படியும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு, அவ்வளவுதான் அதன் கனம். இரு பக்கமும் மின்வாய் வைத்து மின்சாரம் செலுத்தினால் ஊதா கலந்த நீலத்தில் மங்கலாக ஒளிரும். ஆய்வகத்தில் என்னை இன்றுவரை கட்டிப்போட்டிருப்பது அந்த நீலம் அல்ல. அதில் இம்மியளவு சாயம் சேர்த்ததும் நடப்பதுதான்.

கூமரின் 6 சேர்த்தால் பச்சை. நைல் ரெட் சேர்த்தால் செம்மஞ்சள் கலந்த சிவப்பு. நூறு பங்கு பாலிமருக்கு ஒரு பங்கு சாயமே போதும். பாலிமரின் நீலம் ஏறக்குறைய மறைந்தே போகும்.

ஒரு மின்வாயிலிருந்து எலக்ட்ரான்களும் மற்றொன்றிலிருந்து ‘துளைகள்’ எனப்படும் எலக்ட்ரான் வெற்றிடங்களும் படலத்துக்குள் வருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூலக்கூறு கிளர்ச்சி அடைகிறது. அது தானே ஒளிரும் முன், சில நானோமீட்டர் தள்ளியிருக்கும் சாய மூலக்கூறு அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. மேட்டு வயலில் விட்ட தண்ணீர் பள்ளத்து வயலில் போய் நிற்பதுபோல, ஆற்றல் குறைந்த நிலையை நோக்கியே ஓட்டம். சாயத்தை அதிகம் போட்டால் வெளிச்சம் கூடும் என்று புதிதாக வரும் மாணவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். கூடாது, குறையும். சாய மூலக்கூறுகள் நெருங்கிவிட்டால் ஒன்றையொன்று அணைத்துவிடும், ஆற்றல் வெப்பமாகிவிடும்.

1987இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில், கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் கரிமச் சேர்மங்களின் மென்படலங்களை ஒளிரவைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அதில் சாயம் கலந்து, ஒளித்திறனை இரட்டிப்பாக்கியும் காட்டினார்கள். 1990இல் கேம்பிரிட்ஜில் பாலிமரே ஒளிர்ந்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் ஜூன்ஜி கிடோ 1990களின் நடுவில் செய்த வேலை. பாலிவினைல்கார்பசோலில் பல நிறச் சாயங்களை ஒன்றாகக் கலந்து வெள்ளை ஒளி எடுத்தார். சம அளவில் கலந்தால் வெள்ளை வராது. ஆற்றல் முழுவதும் சிவப்புச் சாயத்திலேயே போய்ச் சேரும். ஆகவே நீலச் சாயத்தை நூற்றுக்குச் சில மூலக்கூறுகள் என்று தாராளமாகவும், பச்சையையும் சிவப்பையும் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாகவும் சேர்த்தார். அப்போதுதான் எல்லா நிறமும் ஒன்றாக வெளிவந்தது. நான் படித்த வேதியியலில் இவ்வளவு அழகான கணக்கு வேறில்லை.

இன்றைய கைப்பேசித் திரைகள் பலவற்றில் பாலிமருக்குப் பதில் சிறு மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். தாங்கும் பொருளும் அதில் சிறிதளவு ஒளிர்பொருளும் என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. சாதாரணச் சாயத்தில் இன்னொரு குறை உண்டு: மின்சாரத்தால் பிறக்கும் நான்கு கிளர்ச்சிகளில் பொதுவாக ஒன்றுதான் ஒளியாகும். 1998இல் பால்டோ, ஃபாரஸ்ட், தாம்சன் குழுவினர் பிளாட்டினம் சேர்ந்த சாயத்தைக் கலந்து மற்ற மூன்றையும் ஒளியாக்க வழி திறந்தார்கள். சிவப்பும் பச்சையும் அந்த வழியில் முன்னேறின. நீலம் பின்தங்கியது, திறனோடு ஒளிரும் நீலப் பொருள்கள் சீக்கிரம் சிதைந்துவிடுகின்றன.

வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, அந்த நீலம் இன்னும் தீராத கணக்கு. வந்து கை வையுங்கள்.