எருமையின் கறுப்பும் கொக்கின் வெண்மையும்

எங்கள் ஊர் ஏரிக்கரையில் மாலை நான்கு மணிக்குமேல் போய் நின்றால், அப்பொழுதுதான் தண்ணீரைவிட்டுக் கரையேறிய எருமைகளையும், அவற்றின் முதுகில் வெகு உரிமையோடு உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் கொக்குகளையும் பார்க்கலாம். கேனன் பவர்ஷாட் ஏ620 என்னும் சிறிய டிஜிட்டல் காமிரா என் கைக்கு வந்த புதிதில், நான் ஆசையோடு எடுத்த முதல் படம் அந்தக் காட்சிதான். எடுத்த மறுகணமே பின்புறத்துத் திரையில் பார்த்தேன். எண்ணெய் தடவினாற்போல் மினுமினுத்துக்கொண்டிருந்த எருமை, விபூதி பூசியதுபோல் சாம்பல் நிறமாக வெளிறிக் கிடந்தது. கொக்கோ, இறகு எது, கழுத்து எது என்று பிரித்தறிய இடமின்றி வெறும் சுண்ணாம்புத் திட்டாகிவிட்டது. கருவியில் ஏதோ கோளாறு என்றே அன்று நினைத்தேன். கோளாறு ஒன்றுமில்லை என்பதும், காமிரா தனக்கு விதிக்கப்பட்ட காரியத்தை அணுவளவும் பிசகாமல் செய்திருக்கிறது என்பதும் பல மாதம் கழித்தே எனக்கு விளங்கின.

காமிராவுக்கு எருமை என்பதும் தெரியாது, கொக்கு என்பதும் தெரியாது. எதிரே இருக்கும் பொருளிலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பது ஒன்றையே அது அளக்கிறது. அளந்துவிட்டு, உலகத்துப் பொருள்கள் யாவும் சராசரியாகத் தம்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பித் தருகின்றன என்ற பழைய கணக்கை ஆதாரமாகக் கொண்டு, எதிரே உள்ளதை நடுத்தரமான சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. ஆகவே படச் சட்டம் முழுவதையும் கறுப்பு நிறைத்திருந்தால், 'வெளிச்சம் போதவில்லை' என்று அது கூடுதலாக ஒளியை உள்ளே விடுகிறது. கறுப்பு வெளிறுகிறது, அதன் நடுவே இருந்த வெண்மையோ எரிந்தே போகிறது. கொடியில் உலரும் வெள்ளை வேட்டிகளையோ, முறம் நிறையக் கொட்டிய மல்லிகைப்பூவையோ எடுத்தால் இதற்கு நேர் எதிராக, 'வெளிச்சம் மிஞ்சிவிட்டது' என்று ஒளியைக் குறைத்து, சலவை வேட்டியைப் பழுப்பேறிய வேட்டியாகக் காட்டுகிறது.

இந்த மயக்கத்தைத் தீர்ப்பதற்கென்றே கூட்டல் குறியும் கழித்தல் குறியும் சேர்ந்த ஒரு விசை காமிராவில் இருக்கிறது. சிலவற்றில் அது முதுகுப்புறத்தில் தனியாகவும், சிலவற்றில் பட்டியலுக்குள்ளும் இருக்கும். காமிராவின் தலையில் உள்ள வட்டத் திருகை 'ஆட்டோ'விலிருந்து நகர்த்தி 'பி' என்ற எழுத்துக்குக் கொண்டுவந்தால்தான் பெரும்பாலான கருவிகளில் இந்த விசை வேலை செய்யும். ஆட்டோவில் நம்முடைய அபிப்பிராயத்துக்கு அநேகமாக இடமே இல்லை. மூன்றில் ஒரு பங்கு படியாக, இரு பக்கமும் 2 வரையில் ஏற்றவும் இறக்கவும் செய்யலாம். கழித்தல் 1 என்று வைத்தால் ஒளி சரிபாதியாகக் குறைகிறது. கூட்டல் 1 என்றால் இரட்டிக்கிறது. பிற்பாடு ஒரு நாள் அதே ஏரிக்கரைக்குப் போய், கழித்தல் 1 வைத்து எடுத்தேன். எருமையின் ஈரத்தோல் ஈரத்தோலாகவே விழுந்தது. கொக்கின் சிறகில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இறகு வரிசைகள்கூடத் தெரிந்தன. மல்லிகைக்கும் வேட்டிக்கும் கோலத்துக்கும் கூட்டல் பக்கம் போக வேண்டும். அந்த விசை எங்கே இருக்கிறது என்று தேடிச் சலித்தவர்கள், படம் போட்ட 'சீன்' வகைகளில் பனிக்காட்சிக்குரியதைத் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊரில் பனி ஏது என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். வெண்மை வெண்மையாகவே வர வேண்டுமென்று ஒளியைச் சற்றுக் கூட்டுவதே அதன் உள்ளே நடக்கும் முக்கியமான காரியம்.

காமிராவைப் பழகத் தொடங்குகிறவர்கள் பலரும் வழிகாட்டிப் புஸ்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்து, இருபது பக்கத்துக்குள் அலுத்துப்போய், ஆயுள் முழுவதும் ஆட்டோவிலேயே தங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு விசை என்று வைத்துக்கொண்டு, அந்த ஒன்றை மாத்திரம் அப்பியாசம் செய்வதே எனக்குப் பலன் தந்த முறை. முதல் வாரம் இந்தக் கூட்டல் கழித்தலுக்கே உரியது என்பது என் தீர்மானமான கருத்து.

இரண்டாவது வாரம் விரலுக்கு. படமெடுக்கும் பொத்தானுக்கு இரண்டு நிலைகள் உண்டு என்பதை அறியாமலே எத்தனையோ பேர் அதை ஒரே அமுக்காக அமுக்கி, குழந்தையின் சிரிப்பு மறைந்த பிறகு வரும் முகத்தைப் படமாக்கிக்கொள்கிறார்கள். பாதி அழுத்தினால் லென்ஸ் தூரத்தைக் கணித்து ஃபோகஸ் செய்துகொள்கிறது. என்னுடைய கருவியில் இரண்டு முறை 'பீப்' என்று சத்தம் கேட்டு, ஒரு பச்சை விளக்கும் எரியும். அந்த நிலையில் விரலை எடுக்காமல் காத்திருந்து, நாம் விரும்பும் கணம் வந்ததும் மீதிப் பாதியை அழுத்தினால் படம் தாமதமில்லாமல் விழும். பொத்தானை வெடுக்கென்று அழுத்தாமல் இப்படி மெல்ல அழுத்துவதால் கை நடுக்கமும் குறைகிறது.

லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவையும் ஷட்டரின் வேகத்தையும் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இத்தகைய காமிராவின் உள்ளே ஒளியை வாங்கும் சில்லு சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதன்று. ஏ620-ல் உள்ளது ஏறக்குறைய 7 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர். பழைய ஃபிலிமின் சட்டமோ 36-க்கு 24 மில்லிமீட்டர். சில்லு சிறுத்தால், கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெளிவாக விழும். ஆதலால் துவாரத்தை எஃப் 2.8-லிருந்து எஃப் 8 வரை சுருக்கினாலும், பின்னணி மங்குவதில் பெரிய காமிராவில் தெரியும் வித்தியாசம் இதில் தெரியாது. முகத்தைக் கூர்மையாகவும் பின்னணியைப் பஞ்சுபோலவும் காட்ட விரும்புகிறவர்கள், ஜூமை முழுவதும் நீட்டி, ஆளைக் கிட்டத்திலும் பின்னணியை வெகு தூரத்திலும் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் ஜூமை நீட்ட நீட்டக் கை நடுக்கமும் பெரிதாகும். அப்பொழுது ஷட்டரின் வேகம் 1/125 நொடியைவிட மெதுவாகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வெளிச்சம் குறைந்த இடத்தில், ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றினால் வேகம் கிடைக்கும், ஆனால் சில்லின் சிறுமையால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வந்துவிடும். அசையாத பொருளாயின் காமிராவைத் திண்ணையிலோ மதில்மேலோ வைத்து, 2 நொடி டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவதே உத்தமம்.

அந்தச் சில்லுக்கு நிறம் தெரியாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் உண்டாகிறது. 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் சி.சி.டி. என்ற சில்லின் அடிப்படையைக் கண்டார்கள். அதற்காக 2009-ல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார்கள். 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லை வைத்து அமைத்த முதல் காமிரா, 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிப்பதற்கு 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. நிறத்துக்கு வழி சொன்னவர் அதே நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர். புள்ளிக்கு ஒன்றாகச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைப் பரப்பி, மனிதக் கண் பச்சைக்கு அதிகமாக இணங்குவதால் பாதிப் புள்ளிகளைப் பச்சைக்கே ஒதுக்கினார். இந்த மூன்றையும் எந்த விகிதத்தில் கலப்பது என்று காமிரா ஊகிப்பதைத்தான் 'ஒயிட் பேலன்ஸ்' என்கிறோம். அந்த ஊகம் தவறும்போது, டியூப்லைட்டின் கீழ் எடுத்த அரக்குப் பட்டுப்புடவை நிறம் மாறிப்போகிறது. அந்திவானத்தின் செம்மையைக்கூடக் குற்றமென்று எண்ணிக் காமிரா வெளுத்துவிடுகிறது. முன்னதற்கு டியூப்லைட் குறியையும், பின்னதற்கு மேகக் குறியையும் நாமே தேர்ந்தெடுத்து வைத்தால் நிறம் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஃபிளாஷைப் பற்றி ஒரே ஒரு சொல். அதன் வெளிச்சம் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. கச்சேரியில் இருபதாவது வரிசையிலிருந்து அதைப் பளிச்சிட்டால் பாடகர் முகத்தில் ஒன்றும் விழாது, முன்வரிசைக்காரர் தலைகளே வெளுக்கும். உச்சிவெயிலில் கண்குழிகளில் நிழல் விழுந்து நிற்பவரைக் கிட்டே நின்று எடுக்கும்போதுதான் அது பேருதவி.

மனம் நொந்து எழுத வேண்டிய விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. என் தங்கையின் மகள் கல்யாணத்தில் படமெடுக்கும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். மெமரி கார்டில் அதிகப் படங்கள் கொள்ள வேண்டுமே என்று, பட அளவை எல்லாவற்றிலும் சிறியதான 640-க்கு 480 புள்ளிகள் என்று வைத்துவிட்டேன். மணையின் அருகே எங்கள் பெரியம்மா, மாலையும் கழுத்துமாக நின்ற பெண்ணின் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழிக்கும் படம் ஒன்று அதில் அமைந்தது. பெரியம்மா அடுத்த ஆண்டே காலமானார். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாமென்று கொண்டுபோனபோதுதான் உண்மை தெரிந்தது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அந்தக் கணக்கில் அது இரண்டு அங்குல அகலத்துக்குத்தான் வரும். அதே காமிராவின் பெரிய அளவு 3072-க்கு 2304 புள்ளிகள். பத்து அங்குல அகலத்துக்குக் கூர்மையாக அச்சிட்டிருக்கலாம். கார்டுக்கு இன்னொரு கார்டு வாங்கலாம். அந்த முகூர்த்தத்தை மறுபடி எங்கே போய் வாங்குவது? ஆகையால் அளவை எப்பொழுதும் பெரிதாகவே வைத்திருங்கள். டிஜிட்டல் ஜூமைப் பட்டியலில் அணைத்துவிடுங்கள்; அது லென்ஸின் வேலையன்று, படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது. தேதியைப் படத்தின்மேல் அச்சிடும் வசதியும் வேண்டாம், அந்த எழுத்து அழியாது. காலத்தையும் ஷட்டர் வேகத்தையும் துவாரத்தையும் ஐ.எஸ்.ஓ. எண்ணையும் ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் காமிரா மறைவாக எழுதியே வைக்கிறது. கம்ப்யூட்டரில் திறந்து, நன்றாக வந்த படத்தின் எண்களையும் கெட்டுப்போன படத்தின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஆசிரியரும் சொல்லித் தராத பாடம் அதில் கிடைக்கும்.

கைப்பேசி வந்த பிறகு இந்தச் சிறிய காமிராக்கள் பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் துணிகளுக்கு நடுவே கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், இன்றே எடுத்துப் பாருங்கள். உள்ளேயே விட்டுவைத்த பழைய பேட்டரி கசிந்து கம்பிகளை அரித்துவிடும், அதை முதலில் அப்புறப்படுத்துங்கள். புதிய பேட்டரி போட்டு, திருகைப் 'பி'யில் வைத்து, அடுக்களை அம்மிக்கல்லின்மேல் ஒரு முழம் மல்லிகையை வைத்து, கழித்தல் 1, பூஜ்யம், கூட்டல் 1 என்று மூன்று படங்கள் எடுங்கள். பிறகு மூன்றையும் வரிசையாகப் பார்த்து, உங்கள் வீட்டு அம்மி எந்தப் படத்தில் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.